ஸ்ட்ரெய்ன்: திரிபா, கால்வழியா?

"ஒரே பாக்டீரியாதான், ஆனால் ஸ்ட்ரெய்ன் வேறு." ஈறு நோய் பற்றிப் படிக்கும்போது இந்தப் பேச்சு அடிக்கடி வரும். ஒரே இனக் கிருமிக்குள் தனியாகப் பிரிந்து நிற்கும் கூட்டம்தான் ஸ்ட்ரெய்ன். கொரோனா காலத்திலிருந்து இதையும் 'திரிபு' என்றே எழுதிப் பழகிவிட்டோம். எனக்கு அதில் உடன்பாடில்லை.

ஆங்கிலத்தில் 'ஸ்ட்ரெய்ன்' இரண்டு உண்டு. இழுப்பது, இறுக்குவது என்ற பொருளில் வருவது லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. கிருமிக்குச் சொல்வது அதுவல்ல. அது பழைய ஆங்கிலச் சொல். ஈட்டுதல், பெற்றெடுத்தல் என்று பொருள்பட்டு, பிறகு வம்சம் என்றானது. மாற்றம் என்ற கருத்தே அதன் வேரில் இல்லை, பிறப்புதான் இருக்கிறது.

திரிபோ நம் இலக்கணச் சொல். தோன்றல், திரிதல், கெடுதல் மூன்றையும் சேர்த்து விகாரம் என்கிறது நன்னூல். வாழைப்பழத்தில் 'ப்' தோன்றியது, மட்குடத்தில் 'ண்' 'ட்' ஆகத் திரிந்தது, மரவேரில் 'ம்' கெட்டது. மரபணுவில் நடப்பவையும் பெரும்பாலும் இவைதான்! எழுத்து கூடும், மாறும், விழும்.

சரி, ஈறு நோய்க்கு வருவோம். அக்ரெகாட்டிபாக்டர் ஆக்டினோமைசிட்டெம்கோமிட்டன்ஸ் என்ற வாய் பாக்டீரியா வெள்ளையணுக்களைக் கொல்லும் நஞ்சு ஒன்றைச் சுரக்கிறது. அந்த நஞ்சு எவ்வளவு உண்டாக வேண்டும் என்பதை, அதன் மரபணுக்களுக்கு முன்னால் உள்ள ஒரு பகுதி கட்டுப்படுத்துகிறது. ஜேபி2 என்ற ஸ்ட்ரெய்னில் அந்த இடத்தில் 530 கார இணைகள், அதாவது மரபணுவின் எழுத்துகள், விழுந்துவிட்டன. கட்டுப்பாடு தளர்ந்து, நஞ்சு பல மடங்கு சுரக்கிறது. நன்னூல் கணக்கில் இது திரிதல்கூட இல்லை, கெடுதல்.

ஆனால் இழப்பு என்றோ ஒரு பாக்டீரியாவில் நடந்தது. நோய் தருவது அதன் வழிவந்த கூட்டம். வட, மேற்கு ஆப்பிரிக்க வழியினரிடம்தான் அது பெரும்பாலும் காணப்படுகிறது. மொராக்கோவின் ரபாத் நகரில், ஈறு நலமாக இருந்த பள்ளிப் பிள்ளைகளை 2 ஆண்டுகள் கவனித்த ஆய்வு 2008-இல் வெளியானது. இந்தப் பாக்டீரியாவே இல்லாத பிள்ளைகளோடு ஒப்பிட்டால், இதன் மற்ற ஸ்ட்ரெய்ன்களை மட்டும் சுமந்தவர்களுக்குப் பல்லைத் தாங்கும் திசுக்கள் சிதையும் வாய்ப்பு 3 மடங்கு. ஜேபி2 மட்டும் இருந்தவர்களுக்கு 18 மடங்கு. பாக்டீரியாவின் பெயரை மட்டும் கேட்டால் போதாது, எந்த வழி என்று கேட்க வேண்டும்.

அந்த 'வழி'க்குத்தான் சொல் தேடுகிறேன். இனம் என்றால் ஸ்பீஷீஸோடு குழம்பும். வகை மிகவும் பொதுவானது. குலம் என்றால் நம் ஊரில் சாதி வாடை வந்துவிடும், வேண்டாம். கால்வழி என்ற பழைய சொல்லுக்கு வம்சம், சந்ததி என்று பொருள். ஆங்கில வேரோடு அப்படியே பொருந்துகிறது. அந்த 530 இணை இழப்பு விகாரம். அதைத் தலைமுறை தலைமுறையாகச் சுமந்து வரும் ஜேபி2, ஒரு கால்வழி.