ஒட்சியேற்றத் தாங்குதிறன்: பொன்னிறப் பூச்சு சூட்டில் என்ன ஆகிறது?

திருகோணமலை ஹாட்வெயார் கடைகளில் பொன்னிற ட்ரில் பிட்டைத்தான் பலர் கேட்டு வாங்குகிறார்கள். "கறள் பிடிக்காது அண்ணை, சூட்டுக்கும் நிக்கும்" என்று சொல்லித் தருவார்கள். அந்தச் சூட்டுக்கு நிற்கும் குணத்துக்கு உலோகவியலில் ஒரு பெயர் உண்டு. தமிழகத்தில் ஆக்சிசனேற்ற எதிர்ப்பு என்று எழுதுவார்கள். நான் ஒட்சியேற்றத் தாங்குதிறன் என்று எழுதுகிறேன், காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

முதலில் ஒட்சியேற்றம், எளிதாகச் சொன்னால் ஒட்சிசனோடு சேர்வது. ஒட்சிசன் என்ற பெயர் பிரெஞ்சு வேதியியலாளர் லவோசியே 1770களின் பிற்பகுதியில் கிரேக்கச் சொற்களைக் கொண்டு ஆக்கியது. 'ஒக்சிஸ்' என்றால் கூர்மை, புளிப்பு, ஆகவே அமிலத்தைப் பிறப்பிப்பது என்று பொருள். எல்லா அமிலத்திலும் ஒட்சிசன் இருக்கிறது என்று அவர் நம்பினார். அது பிழை, ஐதரோகுளோரிக் அமிலத்தில் ஒட்சிசனே கிடையாது, ஆனாலும் பெயர் நின்றுவிட்டது. தனித்தமிழில் உயிர்வளி என்பார்கள். நமது பாடநூல்கள் ஒட்சியேற்றம் என்றும் அதற்கு எதிரானதைத் தாழ்த்தல் என்றும் வைத்திருக்கின்றன, இலத்திரனை இழப்பதே ஒட்சியேற்றம் என்பதுதான் இன்றைய வரைவிலக்கணம்.

அடுத்து நைத்திரைட்டு, அந்தப் பொன்னிறப் பூச்சு இந்த வகைப் பொருள்தான். நைதரசன் என்ற பெயர் வெடியுப்பைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது, 1790இல் சப்தால் வைத்தது. அந்த நைதரசன் ஓர் உலோகத்தோடு சேர்ந்தால் நைத்திரைட்டு. இறைச்சி கெடாமல் இருக்கச் சேர்ப்பது நைத்திரைற்று, அது வேறு. ட்டுவுக்கும் ற்றுவுக்கும் உள்ள வித்தியாசத்தைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள், எழுத்து மாறினால் பொருளே மாறிவிடும்.

சரி, பூச்சுக்கு வருவோம். அந்தப் பொன்னிறம் தைத்தேனியம் நைத்திரைட்டுடையது, சில மைக்ரோமீற்றர் தடிப்புத்தான் இருக்கும். உருக்கைவிடப் பல மடங்கு வன்மையானது, 2,900 பாகை செல்சியஸ் தாண்டித்தான் உருகும். இவ்வளவு இருந்தும் காற்றில் 500, 600 பாகை வந்தாலே அதன் கதை மாறத் தொடங்கிவிடுகிறது. ஒட்சிசன் உள்ளே வர, நைதரசன் வாயுவாகி வெளியேற, நைத்திரைட்டு இருந்த இடத்தில் தைத்தேனியம் ஈரொட்சைட்டு உருவாகிறது. லேத் பட்டறையில் துருப்பிடிக்காத உருக்கை எண்ணெய் விடாமல் துளைத்த பிட்டின் நுனியை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள், பொன்னிறம் செம்மையாகி, ஓரத்தில் நீலமும் ஊதாவும் ஏறி, வெட்டும் விளிம்புக்குக் கிட்ட மங்கிப்போயிருக்கும்.

இப்படி உருவாகும் ஈரொட்சைட்டின் கனிமப் பெயர் ரூட்டைல். நம் மாவட்டத்தின் வடகோடியில், புல்மோட்டைக் கடற்கரைக் கருமணலில் இல்மனைற்றோடும் சேர்கோனோடும் சேர்த்துப் பிரித்தெடுக்கிறார்களே, அதே ரூட்டைல்தான்! மண்ணில் கிடைக்கும் ஒட்சைட்டிலிருந்து எவ்வளவோ சக்தி செலவழித்து உலோகத்தை எடுத்து, நைத்திரைட்டாக்கிப் பூசினால், சூடு ஏறியதும் அது பழையபடி ஒட்சைட்டாகவே போகப் பார்க்கிறது. பிரச்சினை என்னவென்றால், ரூட்டைல் தான் பிறந்த நைத்திரைட்டைவிட ஏறக்குறைய 1.6 மடங்கு இடம் எடுக்கும். இடம் போதாமல் நெருக்குண்டு வெடித்து உரிகிறது, வெடிப்பின் வழியே ஒட்சிசன் மறுபடி உள்ளே போகிறது.

இதற்கு மருந்து அலுமினியம். தைத்தேனியத்தோடு அலுமினியத்தையும் சேர்த்து நைத்திரைட்டாக்கினால், சூட்டில் அலுமினியம் மேற்பரப்புக்கு வந்து மெல்லிய, நெருக்கமான அலுமினியம் ஒட்சைட்டுப் படையாகிறது, ஒட்சிசன் அதை ஊடுருவ மிகவும் சிரமப்படும். 1986இல் மியூன்ஸ் என்ற ஆய்வாளர் இந்தப் பூச்சைத் தைத்தேனியம் நைத்திரைட்டுக்கு மாற்றாக முன்வைத்தார். இது ஏறக்குறைய 800 பாகை வரை நிற்கும், பார்க்கக் கருஊதா. குரோமியமும் அலுமினியமும் சேர்ந்த நைத்திரைட்டு 1,000 பாகைக்குக் கிட்டவும் தாங்கும். படை நல்லபடி அமைந்தால் அதன் வளர்ச்சி போகப்போக மெதுவாகும், தடிப்பு இருமடங்காக நான்கு மடங்கு நேரம் வேண்டும்.

இப்போது சொல்லைப் பாருங்கள். இந்தப் பூச்சு ஒட்சிசனை எதிர்த்து விரட்டவில்லை. தன் மேற்பரப்பில் கொஞ்சத்தை ஒட்சியேற விட்டு, அப்படி உண்டான படையை வைத்தே மிச்சத்தைக் காக்கிறது. எதிர்ப்பு என்று எழுதினால் ஒட்சியேற்றமே நடக்காது என்று மாணவன் நினைத்துக்கொள்வான், எவ்வளவு சூட்டுக்கு எவ்வளவு நேரம் என்ற கேள்வியும் அவனுக்கு எழாது. தாங்குதிறன் என்றால் அதற்கு ஓர் அளவும் எல்லையும் உண்டு என்பது சொல்லிலேயே வந்துவிடுகிறது. தடை என்பது வேண்டாம், அது நமது பௌதிகத்தில் மின்னுக்குப் போய்விட்டது. கறள் பிடிக்காது என்பதும் பொருந்தாது. கறள் இரும்பும் நீரும் காற்றும் சேர்ந்து வருவது, இங்கே நடப்பது ஈரமில்லாத சூட்டில்.

அப்புறம் வாங்குகிறவர்களுக்கு ஒன்று. 800 பாகை என்பது பூச்சின் தாங்குதிறன் மட்டுமே. சாதாரண அதிவேக உருக்கு பிட்டின் உடல் 600 பாகையை அண்டும்போதே இளகத் தொடங்கிவிடும், ஆகவே கரும்பூச்சுக்குக் கூடுதல் காசு கொடுத்தாலும் துளைக்கும்போது வேகத்தைக் குறைத்து எண்ணெய் விட்டுத்தான் ஆக வேண்டும்.