‘அதிகம்’ என்றால் எதைவிட?

மழைக்காலம் வந்துவிட்டால் பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளின் நீர்மட்டம் குமரி மாவட்டத்தில் அன்றாடச் செய்தி. அதில் ‘அதிகம்’ என்ற சொல்லைக் கண்டால், முன்னால் ஒரு ‘விட’ இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

தமிழில் பெயரடை ஒப்பீட்டுக்காக உருமாறுவதில்லை. தனித்துச் சொன்னாலும் ‘பெரிய அணை’தான், இன்னொன்றோடு ஒப்பிட்டாலும் ‘பெரிய அணை’தான். பழந்தமிழில் ‘தேனினும் இனிது’ என்று ‘இன்’ உருபு செய்த வேலையை இன்று பெரும்பாலும் ‘விட’ செய்கிறது. ஆகவே செய்தித் தலைப்பில் இடம் போதவில்லை என்று ‘நேற்றைவிட’ என்பதை வெட்டினால் ஒப்பீடே போய்விடும். ‘நீர்மட்டம் அதிகம்’ என்று படிக்கும் கடைவரம்பு விவசாயி, போன வருஷத்தைவிட என்று எடுத்துக்கொள்வார். குழித்துறை ஆற்றங்கரையில் இருப்பவர் அபாய அளவைவிட என்று நினைத்துப் பயப்படுவார்.

எழுதும்போது ஒரு இடைவெளியும் பொருளை மாற்றும். ‘விடு’ என்ற வினையிலிருந்து வந்த சொல்தான் ‘விட’. ‘தண்ணீரை விட’ என்று பிரித்தால் திறந்துவிட. ‘தண்ணீரைவிட’ என்று சேர்த்தால் ஒப்பீடு. ‘கடந்த ஆண்டைவிட அதிகத் தண்ணீரை விடக் கோரிக்கை’ என்ற வரியில் இரண்டும் உண்டு. இந்த இடைவெளி விஷயத்தில் கறாராக இருப்பதே நல்லது.

அடுத்தது, ஒப்பிடத் தகாததை ஒப்பிடுவது. பேச்சிப்பாறையின் முழு மட்டம் 48 அடி, பெருஞ்சாணி 77 அடி. பேச்சிப்பாறையில் 40 அடி, பெருஞ்சாணியில் 50 அடி இருக்கும் நாளில் ‘பேச்சிப்பாறையைவிடப் பெருஞ்சாணியில் தண்ணீர் அதிகம்’ என்று எழுதினால் தவறு. அடி என்பது ஆழம், கொள்ளளவு அல்ல. அணைப் பள்ளத்தாக்கு மேலே போகப் போக அகலும் என்பதால், 24 அடியில் பேச்சிப்பாறை பாதி நிறைந்துவிடுவதில்லை. பாதிக்கும் குறைவாகவே இருக்கும். நீரின் அளவை ஒப்பிடக் கன அடிக் கணக்குதான் வேண்டும்.

‘இயல்பைவிட அதிக மழை’ என்பதிலும் கவனம் தேவை. இயல்பு என்பது பல பத்தாண்டுச் சராசரி. அதிலிருந்து 19 சதவீதம் வரை கூடினாலும் குறைந்தாலும் இந்திய வானிலை ஆய்வுத் துறை ‘இயல்பு’ என்றே வகைப்படுத்துகிறது. 10 சதவீதம் கூடியதைத் தலைப்பில் பெரிதாக்கக் கூடாது. தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமழையும் பெறும் மாவட்டம் இது என்பதால், எந்தப் பருவத்தின் இயல்பு என்றும் சொல்ல வேண்டும்.

சதவீதத்தையே ஒப்பிடும்போது குழப்பம் கூடும். 2011 கணக்கெடுப்பில் குமரியின் எழுத்தறிவு 91.75, தமிழ்நாட்டுக்கு 80.09. வேறுபாடு 11.66 சதவீதப் புள்ளிகள். ‘11.66 சதவீதம் அதிகம்’ என்றால் பிழை, ஏனென்றால் 80.09-ஐ அடிப்படையாக வைத்தால் சுமார் 14.6 சதவீதம் வரும்.

மடங்குக்கு வருவோம். தோவாளைச் சந்தையில் ஒரு கிலோ பிச்சிப்பூ 400 ரூபாயிலிருந்து 1,200 ஆனதாக வைத்துக்கொள்வோம். விலை மூன்று மடங்கு ஆனது. கூடியதோ இரண்டு மடங்கு, அதாவது 200 சதவீதம். ‘மூன்று மடங்கு அதிகரிப்பு’ என்றால் 1,200-ஆ 1,600-ஆ என்று வாசகர் தடுமாறுவார். ஓணம் முடிந்து விலை மறுபடி 400-க்கு இறங்கினால் ‘மூன்று மடங்கு குறைந்தது’ என்று எழுதவே முடியாது, ஒரு மடங்கு குறைந்தாலே விலை பூஜ்யம். ‘மூன்றில் ஒரு பங்கானது’ என்று எழுதுங்கள், பக்கத்திலேயே இரண்டு விலைகளையும் போடுங்கள்.