முப்பதாவது கிலோமீட்டரில் உடம்புக்குள் என்ன நடக்கிறது?

முதல் மாரத்தானை ஓடி முடித்தவர்கள் பலரும் சொல்வது ஏறக்குறைய ஒரே கதைதான். முதல் பாதி சுகமாகப் போனது, முப்பது கிலோமீட்டர் தாண்டியதும் திடீரென்று கால் நகரவே இல்லை, கடைசி வரை நடந்துதான் வந்தேன் என்பார்கள். அப்புறம் தனக்கு மன உறுதி போதவில்லை என்று தன்னையே நொந்துகொள்வார்கள். இதைக் கேட்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும், ஏனென்றால் மன உறுதிக்கு இதில் பங்கு குறைவு. பெரும்பாலும் இது வரவு செலவுக் கணக்கு.

ஓடும்போது ஒரு கிலோ உடல் எடைக்கு ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 1 கலோரி செலவாகிறது. 60 கிலோ எடையுள்ளவர் 42.195 கிலோமீட்டர் ஓடினால் ஏறத்தாழ 2,500 கலோரி. உடம்பில் மாவுச்சத்து கிளைகோஜன் என்ற வடிவத்தில் தசைகளிலும் கல்லீரலிலும் சேர்ந்திருக்கிறது, நன்றாகச் சாப்பிட்டு ஓய்வெடுத்தவருக்கு மொத்தம் 500 கிராம் அளவில், அதாவது 2,000 கலோரி. அதிலும் எல்லாமே கால்களுக்குக் கிடைக்காது. ஒரு தசை தன்னிடம் உள்ள கிளைகோஜனைக் குளுக்கோஸாக்கி ரத்தத்தில் விடமுடியாது, அதற்கான நொதி தசையில் இல்லை. கைத் தசையில் இருப்பு மிச்சமிருந்தாலும் தொடைக்கு அது நேராக வந்து சேராது. கல்லீரல் மட்டும்தான் எல்லோருக்கும் பகிர்ந்து கொடுக்கிறது, அதனிடம் இருப்பது சுமார் 100 கிராம்.

கொழுப்பு இருக்கிறதே என்று கேட்கலாம். ஒல்லியானவரிடம்கூடப் பல மாரத்தானுக்குப் போதுமான கொழுப்பு இருக்கும். ஆனால் அது மெதுவாகத்தான் எரியும், அதே அளவு ஆற்றலுக்கு அதிக ஆக்சிஜனும் கேட்கும். அதனால் வேகம் கூடக் கூட உடம்பு மாவுச்சத்தின் பக்கம் சாய்கிறது. இங்கேதான் முதல் ஒரு மணி நேரத்தின் விஷயம் வருகிறது. பந்தயத்துக்கு முந்தைய வாரங்களில் பயிற்சியைக் குறைத்து ஓய்வெடுத்த கால்கள், சுற்றிலும் கூட்டம், உடம்பில் அட்ரினலின், எல்லாம் சேர்ந்து வழக்கத்தைவிட வேகமாக ஓடினாலும் சிரமமே தெரியாது. அந்த நேரத்தில் கூடுதலாகச் செலவான கிளைகோஜன்தான் முப்பதாவது கிலோமீட்டரில் இல்லாமல் போகிறது. கல்லீரல் இருப்பும் வற்றி ரத்தச் சர்க்கரை இறங்கினால் மூளையும் தடுமாறும்: தலைசுற்றல், காரணமில்லாத அழுகை, "விட்டுவிடு" என்று உள்ளே ஒரு குரல். அந்தக் குரலுக்குச் சர்க்கரைதான் பதில்.

ஓடிக்கொண்டே சாப்பிடுவதற்கும் எல்லை உண்டு. குடலில் குளுக்கோஸை உள்ளே இழுக்கும் வழி மணிக்கு 60 கிராம் அளவில் நிரம்பிவிடும். பழச்சர்க்கரைக்குத் தனி வழி இருப்பதால் இரண்டும் கலந்தால் 90 கிராம் வரை போகலாம், ஆனால் பழகிய வயிறு வேண்டும். முதல் முறை ஓடுகிறவருக்கு மணிக்கு 30 முதல் 60 கிராம் போதும். பசி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது, தொடக்கத்திலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக எடுக்க வேண்டும். ஓடும்போது ரத்தம் கால்களுக்கும் தோலுக்கும் போய்விடுவதால் குடலுக்கு வரத்து வெகுவாகக் குறைகிறது. அந்த நிலையில் ஓட்டக்காரர்கள் கையோடு கொண்டுபோகும் கெட்டியான சர்க்கரைக் கூழை, அதாவது ஜெல்லை, தண்ணீர் இல்லாமல் விழுங்கினால் அது குடலுக்குள் நீரை இழுக்கும், வயிறு உப்பும், கழிப்பறையைத் தேட வைக்கும். பயிற்சியில் சாப்பிட்டுப் பார்க்காத எதையும் பந்தயத்தன்று வாயில் வைக்க வேண்டாம், இலவசமாகக் கொடுத்தாலும் சரி. வைத்திருந்த ஜெல் வழியில் விழுந்துவிட்டதா? உடனே வேகத்தைச் சற்றுக் குறையுங்கள். கொழுப்பின் பங்கு கூடும், இருப்பு இன்னும் கொஞ்ச தூரம் தாங்கும். களைத்த பிறகு குறைப்பதால் போனது திரும்பி வராது.

தண்ணீர் விஷயத்தில் நல்ல எண்ணத்தோடு செய்யும் தவறு ஒன்று உண்டு. பயத்தில் வழியில் உள்ள ஒவ்வொரு தண்ணீர் நிலையத்திலும் வயிறு நிறையக் குடிப்பது. நீண்ட ஓட்டத்தில் உடம்பு நீரைச் சிறுநீராக வெளியேற்றாமல் பிடித்து வைத்துக்கொள்ளும் ஹார்மோனைச் சுரக்கலாம். அப்போது அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில் உப்பின் கூறான சோடியம் நீர்த்துப்போய், மூளைச் செல்கள் வீங்கும். உயிருக்கே ஆபத்து. 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தபோது 13 சதவீதம் பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது. ஓட்டத்தின்போது எடை கூடியவர்கள், நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓடியவர்கள் இதில் அதிகம் சிக்கினார்கள். மெதுவாக ஓடுகிறவருக்கு வியர்வை குறைவு, குடிக்க நேரம் அதிகம். தாகத்துக்குக் குடித்தால் போதும். விரல்கள் வீங்கி மோதிரம் இறுகுகிறது, தலைவலி, குமட்டல் என்றால் இன்னொரு கோப்பைத் தண்ணீரை எடுக்காமல் மருத்துவக் கூடாரத்துக்குப் போங்கள்.

கெண்டைக்கால் இழுத்துப் பிடிப்பதற்கும் உப்புக் குறைவுதான் காரணம் என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் உப்பு குறைந்தால் உடம்பு முழுவதும் பிடிக்க வேண்டும், அதிகம் உழைத்த தசை மட்டும் ஏன் பிடிக்கிறது? இப்போது வலுவாக நிற்கும் விளக்கம் நரம்புக் களைப்பு. சுருங்கு என்று தூண்டும் சமிக்ஞை களைப்பில் கூடுகிறது, போதும் என்று அடக்கும் சமிக்ஞை குறைகிறது. அடக்கும் உணர்வி தசைநாணில் இருக்கிறது, தசையை நீட்டினால் அது விழித்துக்கொள்ளும். முதலில் தோலுக்கடியில் புழு நெளிவதுபோல ஒரு துடிப்பு வரும், அதுதான் எச்சரிக்கை, அப்போதே அடியைச் சுருக்கி வேகத்தைக் குறைத்தால் பல நேரம் அடங்கிவிடும். பிடித்தே விட்டால் நின்று, அந்தக் காலைப் பின்னால் வைத்து, குதிகாலைத் தரையில் அழுத்தி, முழங்காலை மடக்காமல் முன்னால் சாயுங்கள். தசை இளகும் வரை அப்படியே பிடித்திருந்து, கொஞ்ச தூரம் நடந்து, பிறகு ஓடுங்கள்.

ஷூ பிரச்சினை பெரிய வீரர்களையும் விடுவதில்லை. 2015 பெர்லின் மாரத்தானில் கென்ய ஓட்டக்காரர் எலியுட் கிப்சோகேயின் இரண்டு ஷூக்களிலிருந்தும் உள்அட்டைகள் வெளியே தள்ளிக்கொண்டு வந்தன. அப்படியே ஓடி 2 மணி 4 நிமிடத்தில் வென்றார். நாம் அப்படிச் சமாளிக்க வேண்டிய அவசியம் இல்லை. ஈரமான தோல் அதிகம் ஒட்டும், உள்ளே எலும்பு நகர, வெளியே சாக்ஸ் பிடித்திழுக்க, நடுவில் தோல் அடுக்கு பிரிந்து நீர் கோக்கிறது. அதுதான் கொப்புளம். ஓரிடத்தில் சூடாக உறுத்தத் தொடங்கியதுமே நின்று சாக்ஸ் மடிப்பையும் லேஸையும் சரிசெய்தால் ஒரு நிமிடம் போகும், அவ்வளவுதான்.

எல்லைக்கோட்டைத் தாண்டியதும் சட்டென்று நிற்காதீர்கள். ஓடும்போது கெண்டைக்கால் தசைதான் ரத்தத்தை மேலே பிழிந்து அனுப்பிக்கொண்டிருந்தது, நின்றதும் அந்தப் பம்பு நின்றுவிடும், விரிந்திருக்கும் கால் நாளங்களில் ரத்தம் தேங்கி ரத்த அழுத்தம் இறங்கி மயக்கம் வரும். பத்து நிமிடமாவது நடங்கள். யாராவது இப்படி விழுந்தால், தெளிவாகப் பேசினால், படுக்க வைத்துக் கால்களை உயர்த்தினாலே பெரும்பாலும் தேறிவிடுவார். ஆனால் எல்லைக்கோட்டுக்கு முன்பே சுருண்டு விழுந்தவர், உளறுகிறவர், உடம்பு கொதிக்கிறவர் கதை வேறு. ஓட்டத்தில் செலவாகும் ஆற்றலில் முக்கால் பங்குக்குமேல் வெப்பமாகத்தான் போகிறது, காற்றில் ஈரம் மிகுந்து வியர்வை ஆவியாகாவிட்டால் அது உள்ளேயே தங்கிவிடும். அவருக்கு உடனே மருத்துவக் குழு வேண்டும், பனிக்கட்டி நீர்த் தொட்டியில் கழுத்து வரை இறக்கிக் குளிரவைக்க வேண்டும், மருத்துவமனைக்குக் கொண்டுபோவது அதற்குப் பிறகுதான்.