அசமன்பாடு: விடை வந்ததும் இரண்டு இடத்தில் சரிபாருங்கள்

காரைக்குடியில் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். கோட்டையூர், பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கமிருந்தெல்லாம் பிள்ளைகள் வருகிறார்கள். சமன்பாட்டைத் தீர்த்ததும் விடையைப் பிரதியிட்டுப் பார்க்க அவர்களில் பெரும்பாலோருக்குத் தெரியும். அசமன்பாடு, அதாவது '=' இருக்கும் இடத்தில் <, >, ≤, ≥ குறி உள்ள கணக்கு, என்று வந்ததும் அந்தப் பழக்கம் தடம் மாறிவிடுகிறது. விடைக்குள் இருந்து கைக்கு வந்த ஓர் எண்ணைப் போடுகிறார்கள். "சரியாத்தான் வருது சார்" என்று நோட்டை மூடிவிடுகிறார்கள். இந்த ஒற்றைச் சோதனை தப்பான விடையையும் தேர்ச்சி பெறவைக்கும் என்பதைப் பெற்றோரும் பிள்ளைகளும் தெரிந்துகொள்ள வேண்டும்.

தெரியாத எண்ணை 'க' என்று வைத்துக்கொள்வோம். கணக்கு இது: 3(க − 2) ≤ 12. அடைப்பை நீக்கும்போது 3-ஐ உள்ளே இருக்கும் 2-உடன் பெருக்க மறந்து, 3க − 2 ≤ 12 என்று ஒரு பிள்ளை எழுதுகிறான். விடை க ≤ 14/3 என்று முடிகிறது. இப்போது சரிபார்க்கிறான். க = 0 என்றால் −6 ≤ 12, சரி. க = 1 என்றால் −3 ≤ 12, அதுவும் சரி. அவனுடைய விடைக்குள் இருந்து எந்த எண்ணை எடுத்துப் போட்டாலும் சரியாகவே வரும். ஏனென்றால் உண்மையான விடை க ≤ 6. அவன் கண்டது அதற்குள் அடங்கிய ஒரு பகுதி. நாள் முழுக்கச் சோதித்தாலும் பிழை வெளியே வராது.

பிழை பிடிபடும் இடம் எல்லை எண், அதாவது விடை தொடங்கும் அல்லது முடியும் எண். 14/3-ஐப் போட்டால் இடது பக்கம் 14 − 6 = 8 வருகிறது. அங்கே 12 வந்திருக்க வேண்டும். எல்லையில் இரண்டு பக்கமும் சமமாக இல்லை என்றால் வழியில் எங்கோ கணக்கு தவறியிருக்கிறது என்று பொருள். 6-ஐப் போட்டால் 3 × 4 = 12, பொருந்திவிடுகிறது.

எல்லையை மட்டும் பார்த்தாலும் போதாது. 5 − 2க < 11 என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். −2க < 6 வரை சரியாக வந்து, −2 ஆல் வகுக்கும்போது குறியைத் திருப்பாமல் க < −3 என்று எழுதுவது நான் அதிகம் பார்க்கும் தவறு. எல்லையில் −3-ஐப் போட்டால் 5 + 6 = 11, பொருந்துகிறது. திசைதான் தவறு. அதைக் கண்டுபிடிக்க எல்லைக்கு ஒரு பக்கத்து எண் வேண்டும். பூச்சியம் சுலபம்: 5 < 11 உண்மை. ஆகவே பூச்சியம் விடைக்குள் இருந்தாக வேண்டும். க < −3 என்பதில் அது இல்லை. சரியான விடை க > −3.

எல்லையில் ஒன்று, ஒரு பக்கத்தில் ஒன்று. இந்த இரண்டும் போதும் என்று துணிந்து சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. ஒருபடிக் கோவையில், அதாவது க² போன்றவை வராத கோவையில், இடது பக்கத்துக்கும் வலது பக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒரே ஓர் இடத்தில்தான் பூச்சியமாகும். அந்த இடத்துக்கு ஒரு பக்கம் முழுக்க மிகை எண், மறுபக்கம் முழுக்கக் குறை எண். நடுவில் மாறாது. க² வரும் இருபடிக்கு இது பொருந்தாது. அங்கே எல்லைகள் இரண்டு வரலாம்.

குறி திருப்பும் தவறுக்கு எங்களைப் போன்ற ஆசிரியர்களுக்கும் பொறுப்பு உண்டு. "அந்தப் பக்கம் போனா குறி மாறும்" என்று சின்ன வகுப்பிலிருந்தே சொல்லிவிடுகிறோம். அது கூட்டல் கழித்தலாக மாறுவதைப் பற்றியது. பிள்ளை அதை இங்கே கொண்டுவந்து, க + 4 < 9 என்பதற்கு க > 5 என்று எழுதிவிடுகிறது. கூட்டினாலும் கழித்தாலும் அசமன்பாடு திரும்பாது. குறை எண்ணால் பெருக்கும்போதும் வகுக்கும்போதும் மட்டுமே திரும்பும்: 2 < 5, ஆனால் −2 > −5. பயமாக இருந்தால் 'க' உள்ள உறுப்பை மிகையாக வரும் பக்கத்துக்குக் கொண்டுபோங்கள். 5 − 2க < 11 என்பது 5 < 11 + 2க ஆகும், பிறகு −6 < 2க, பிறகு −3 < க. திருப்பவே தேவையில்லை. என் வகுப்பில் தடுமாறும் பிள்ளைகளுக்கு இந்த வழியைத்தான் முதலில் தருகிறேன்.

எல்லை எண் விடையில் சேருமா என்பது தனிக் கேள்வி. நம் ஊர்ப் பக்கம் தேன்குழல், சீப்புச் சீடை செய்து விற்கும் வீடுகள் நிறைய. ஒரு நாளைக்கு ஆள்கூலியும் கேஸும் 1,800 ரூபாய், ஒரு பொட்டலத்துக்குச் சரக்கு 90 ரூபாய், விற்கும் விலை 150 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளில் விற்கும் பொட்டலங்கள் 'க' என்றால், நட்டம் வராமல் இருக்க 150க ≥ 90க + 1800, அதாவது க ≥ 30. லாபம் வேண்டுமென்றால் க > 30. பொட்டலம் முழு எண்தான் என்பதால் 31-லிருந்து லாபம். ஒரு சிறு கோடுதான் வித்தியாசம். <, > குறிகள் ஆங்கிலேயக் கணித அறிஞர் தாமஸ் ஹாரியட்டின் நூல் வழியே 1631-ல் அச்சேறின. சமமும் சேர்ந்த குறியைப் பிரெஞ்சு அறிஞர் பியர் பூகேர் 1734-ல்தான் பயன்படுத்தினார்.

'க' காணாமல் போனாலும் கலங்க வேண்டாம். 2(க + 1) < 2க + 5 என்பது 2 < 5 என்று முடியும். அது எப்போதும் உண்மை, எல்லா மெய்யெண்ணும் விடை. 5 < 2 என்று முடிந்தால் விடையே கிடையாது. இரண்டு இடத்திலும் க = 0 என்று எழுதுபவர்கள் இருக்கிறார்கள்.

மேல்வகுப்பில் இரண்டு மாறிகள் வரும்போதும் இதே சரிபார்ப்புதான். முதலில் கோட்டை வரைந்து, கோட்டின்மேல் ஒரு புள்ளி சமன்பாட்டுக்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள். பிறகு (0, 0)-ஐப் போட்டு எந்தப் பக்கம் நிழலிடுவது என்று முடிவுசெய்யுங்கள். கோடு ஆதிப்புள்ளி வழியாகவே போனால் அது உதவாது. கோட்டில் இல்லாத வேறு புள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள்.