லெ மான் பந்தயத்தை வென்ற டீசல் ஸ்போர்ட்ஸ் காருக்குள் ஏன் வரவில்லை?

பிரான்சின் லெ மான் நகரில் 2006 ஜூன் மாதம் நடந்த 24 மணி நேரக் கார் பந்தயத்தில் ஆடி நிறுவனத்தின் ஆர்10 டிடிஐ முதலிடம் பெற்றது. அந்தப் பந்தயத்தை ஒரு டீசல் கார் வென்றது அதுவே முதல் முறை. 5.5 லிட்டர் கொள்ளளவும், காற்றை அமுக்கி உள்ளே தள்ளும் இரண்டு டர்போக்களும் கொண்ட அதன் வி12 (பன்னிரண்டு சிலிண்டர்) எஞ்சின் 650 குதிரைத்திறனுக்கு மேலும், 1,100 நியூட்டன் மீட்டருக்கு மேற்பட்ட முறுக்குவிசையும் (அச்சைத் திருகும் வலு) தந்தது. அன்று தொடங்கி 2014 வரை ஒன்பது ஆண்டுகள் அங்கே டீசலைத் தவிர வேறெதுவும் வெல்லவில்லை. 2009இல் மட்டும் பெஜோ வென்றது, மற்ற எல்லா ஆண்டுகளிலும் ஆடி. கடைசி மூன்று வெற்றிகளில் டீசலுக்கு மின்மோட்டாரின் துணையும் இருந்தது. பெட்ரோல் கார்களைவிடப் பெரிய எஞ்சினையும் கூடுதல் காற்றழுத்தத்தையும் டீசலுக்கு அனுமதித்த விதிகள் இந்த வெற்றிகளுக்குக் கை கொடுத்தன என்று போட்டியாளர்கள் முணுமுணுத்ததில் நியாயம் இல்லாமலில்லை. ஆனாலும் விதி எவ்வளவு இளகினாலும், வலுவில்லாத எஞ்சின் இருபத்து நான்கு மணி நேரம் முன்னணியில் ஓடாது.

இந்தப் புகழின் சூட்டோடு 2008 ஜனவரியில் டெட்ராய்ட் கண்காட்சியில் ஆடி தன் ஆர்8 ஸ்போர்ட்ஸ் காரில் 500 குதிரைத்திறன் கொண்ட வி12 டீசலைப் பொருத்திக் காட்டியது. அது விற்பனைக்கு வரவே இல்லை. ஏறக்குறைய அதே எஞ்சின் க்யூ7 என்ற கனத்த எஸ்யூவியில் மட்டுமே வாடிக்கையாளரிடம் போய்ச் சேர்ந்தது. டீசலுக்கு எந்த வண்டி பொருந்தும், எது பொருந்தாது என்பதற்கு இந்த ஒரு முடிவே போதுமான குறிப்பு. அதன் காரணம் சிலிண்டருக்குள் நடக்கும் எரிதலில் இருக்கிறது.

பெட்ரோல் எஞ்சினில் எரிபொருளும் காற்றும் முன்கூட்டியே கலந்துவிடுகின்றன; தீப்பொறி பட்டதும் தீ அந்தக் கலவையின் ஊடே பரவுகிறது. எஞ்சின் வேகமாகச் சுழலச் சுழல உள்ளே காற்றின் சுழிப்பும் கூடுவதால், தீ பரவும் வேகமும் உடன் உயர்கிறது. டீசலில் தீப்பொறிக்கு வேலையில்லை. வெறும் காற்றை 15 முதல் 18 மடங்கு வரை அமுக்குவதால் அதன் வெப்பம் 600 டிகிரி செல்சியஸைத் தாண்டுகிறது. அந்தச் சூட்டில், 2,000 பார் (ஒரு பார் ஏறத்தாழ நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்) அளவிலான அழுத்தத்தில் இன்ஜெக்டர் பீய்ச்சும் டீசல் தானாகவே பற்றிக்கொள்கிறது. ஆனால் பீய்ச்சப்பட்ட துளி முதலில் ஆவியாக வேண்டும், பிறகு காற்றோடு கலக்க வேண்டும், அதன் பிறகே எரிய முடியும். இந்த மூன்று படிகளுக்கும் நேரம் தேவை, அந்த நேரத்தை ஓரளவுக்கு மேல் சுருக்க முடிவதில்லை.

கணக்கிட்டுப் பார்த்தால் இது தெளிவாகும். நிமிடத்துக்கு 4,500 சுற்றுகளில் ஓடும் எஞ்சினில் ஒரு சுற்றுக்கு 13.3 மில்லிவினாடி ஆகிறது. எரிதலால் நல்ல பலன் கிடைப்பது அந்தச் சுற்றின் 360 டிகிரியில் ஏறத்தாழ 40 டிகிரிக்குள் என்று கொண்டால், டீசல் ஆவியாகிக் கலந்து எரிந்து முடிக்கக் கிடைப்பது ஒன்றரை மில்லிவினாடி. அதே எஞ்சினை 9,000 சுற்றுகளில் ஓட்டினால் அதிலும் பாதிதான் மிஞ்சும். எரியாத பகுதி கரும்புகையாக வெளியேறும். கார்களில் உள்ள டீசல் எஞ்சின்கள் 5,000 சுற்றுகளை ஒட்டி மூச்சுவாங்கத் தொடங்குவது இதனால்தான்.

சுற்றுவேகத்தில் இழப்பதை டீசல் முறுக்குவிசையில் ஈடுகட்டுகிறது. கிணற்றில் சிறிய வாளியை விரைவாக இறைப்பவரும் பெரிய குடத்தை நிதானமாக இறைப்பவரும் ஒரு நிமிடத்தில் ஒரே அளவு நீரை மேலே கொண்டுவர முடியும். எஞ்சினின் திறனும் அப்படித்தான், ஒவ்வொரு சுற்றிலும் கிடைக்கும் முறுக்குவிசையையும் சுற்றுகளின் எண்ணிக்கையையும் பெருக்கினால் வருவது. ஃபெராரி 458 இத்தாலியா தன் உச்சத் திறனான 570 குதிரைத்திறனை 9,000 சுற்றுகளில் எட்டுகிறது. அந்த வேகத்தில் அதன் முறுக்குவிசை கணக்குப்படி சுமார் 445 நியூட்டன் மீட்டர் மட்டுமே. 2016இல் வந்த போர்ஷே பனமேரா 4எஸ் டீசலோ 1,000 சுற்றுகளிலேயே 850 நியூட்டன் மீட்டரைத் தருகிறது. 3,500 சுற்றுகளுக்குள் தன் முழுத் திறனான 422 குதிரைத்திறனையும் எட்டிவிடுகிறது. எண்ணளவில் இரண்டும் வலிமையான எஞ்சின்களே. ஆனால் முதலாவதில் ஓட்டுநர் கியரைப் பிடித்து வைத்துக்கொண்டு சுற்றுவேகத்தைக் காட்டும் ஊசி ஏறுவதை அனுபவிக்க 9,000 வரை இடமிருக்கிறது. இரண்டாவதில் ஆக்ஸிலரேட்டரை அழுத்திய நொடியிலேயே எல்லாம் கிடைத்துவிடுகிறது, அதற்குப் பின் எதிர்பார்க்க ஒன்றுமில்லை. ஸ்போர்ட்ஸ் காருக்குப் பெருந்தொகை கொடுப்பவர் வாங்குவது அந்த ஏற்றத்தையும் அதன் ஒலியையும்தான் என்பது என் எண்ணம். லெ மான் வென்ற ஆர்10 பந்தயக் கார்களிடையே வியப்பூட்டும் அளவு அமைதியாக ஓடியது. பந்தயத்தில் அது ஒரு குறை அல்ல. ஸ்போர்ட்ஸ் கார் விற்பனைக்கூடத்தில் அது பெருங்குறை.

அடுத்தது எடை. டர்போ டீசலின் சிலிண்டருக்குள் எரிதலின் உச்ச அழுத்தம் 180 பாரையும் தாண்டக்கூடும். அதைத் தாங்க எஞ்சின் பிளாக், கிராங்க் ஷாஃப்ட், பிஸ்டன், கனெக்டிங் ராட் ஆகிய அனைத்தும் தடித்தாக வேண்டும். அந்தத் தடித்த பாகங்களே சுழல்வேகத்துக்கு மேலும் ஒரு கட்டுப்பாடாகின்றன. மேற்சொன்ன பனமேராவின் டீசல் வடிவம், ஏறக்குறைய அதே திறனுள்ள பெட்ரோல் 4எஸ்ஸை விடச் சுமார் 180 கிலோ கூடுதலாக இருந்தது. டீசலில் எட்டு சிலிண்டர்களும் பெட்ரோலில் ஆறும் இருந்ததும் இந்த வேறுபாட்டுக்கு ஒரு காரணம் என்பதைச் சொல்லிவிட வேண்டும். நேர்ச்சாலையில் இந்த எடை பெரிதாகத் தெரியாது, டீசல் பனமேராவின் உச்ச வேகமே மணிக்கு 285 கிலோமீட்டர். வளைவுக்கு முன் பிரேக்கை மிதிக்கும்போதும், மூக்கை உள்ளே திருப்பும்போதும்தான் முன்பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அந்தச் சுமை தன்னைக் காட்டும்.

இரண்டேகால் டன் எடையுள்ள சொகுசு வண்டிக்கு இதே கணக்கு தலைகீழாகிறது. அங்கே ஏற்கெனவே இருக்கும் எடையில் எஞ்சினின் கூடுதல் எடை கரைந்துபோகிறது. குறைந்த சுற்றில் கிடைக்கும் முறுக்குவிசை, பின்னிருக்கையில் இருப்பவருக்குக் குலுக்கலோ இரைச்சலோ இல்லாத நகர்வாக மாறுகிறது. ஒரு லிட்டர் டீசலில் பெட்ரோலைவிடப் பத்து விழுக்காட்டுக்கு மேல் கூடுதல் ஆற்றல் அடங்கியிருப்பதும், உயர்ந்த அமுக்கத்தால் எரிபொருளின் வெப்பத்தில் அதிகப் பங்கு வேலையாக மாறுவதும் சேர்ந்து, ஒருமுறை டேங்கை நிரப்பினால் போகக்கூடிய தூரத்தை நீட்டிக்கின்றன. ஜெர்மனியின் நெடுஞ்சாலைகளில் ஒரே நாளில் எண்ணூறு கிலோமீட்டர் போகும் வாடிக்கையாளரிடம் டீசலின் அருமையைத் தனியாக எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

எஞ்சினியர்கள் அடுத்துப் போராடியது டர்போவின் தாமதத்தோடு. புகைபோக்கியில் வெளியேறும் வாயுவால் சுழலும் டர்போ சிறியதாக இருந்தால் சட்டென்று எழும், ஆனால் அதிக வேகத்தில் போதிய காற்றைத் தராது. பெரியதாக இருந்தால் நேர்மாறு. டர்போ டீசலைப் பந்தயத்தில் இறக்கும் எண்ணம் மிகப் பழையது. 1952இல் இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்தில் கம்மின்ஸ் நிறுவனத்தின் டீசல் கார் தகுதிச் சுற்றில் முதலிடம் பெற்றது. ஆனால் பந்தயத்தன்று அதன் டர்போவுக்குக் காற்று இழுக்கும் வாய், தடத்தில் உதிர்ந்த ரப்பர் துகளாலும் தூசியாலும் அடைத்துக்கொள்ள, 71 சுற்றோடு விலகிக்கொண்டது. அறுபது ஆண்டுகள் கழித்து, 2012இல், பிஎம்டபிள்யூ எம்550டி காரின் 3 லிட்டர் எஞ்சினில் மூன்று டர்போக்களை அடுக்கி 381 குதிரைத்திறன் எடுத்தது. 2016இல் அதை நான்காக்கி 400 குதிரைத்திறன் வரை கொண்டு சென்றது. குழாய்களும் வால்வுகளும் பின்னிப் பிணைந்த அந்த எஞ்சினின் படத்தைப் பார்த்தால், அதைக் கழற்றிப் பூட்டும் மெக்கானிக்கை நினைத்து இரக்கம் வரும்.

அதே 2016இல் ஆடி எஸ்க்யூ7 வேறு வழியில் போனது. இரண்டு டர்போக்களோடு, 48 வோல்ட் மின்சாரத்தில் இயங்கும் 7 கிலோவாட் அமுக்கியையும் சேர்த்தது. புகைபோக்கி வாயுவுக்குக் காத்திராமல் அது கால் வினாடிக்குள் நிமிடத்துக்கு 70,000 சுற்றுகளை எட்டி, எஞ்சினுக்குள் காற்றைத் தள்ளியது. 4 லிட்டர் வி8 எஞ்சின் 1,000 சுற்றுகளிலேயே 900 நியூட்டன் மீட்டர் தந்தது இதனால்தான். இதே எஞ்சினோடு வந்த பெண்டேகா, பெண்ட்லி வரலாற்றின் முதல் டீசல் காரானது.

தொழில்நுட்பம் உச்சத்தைத் தொட்ட அந்த நேரத்தில்தான் சந்தை காலை வாரியது. 2015 செப்டம்பர் 18 அன்று, ஃபோக்ஸ்வாகன் தன் டீசல் கார்களின் மென்பொருளைச் சோதனைக்கூடத்தில் மட்டும் தூய்மையாக ஓடும்படி அமைத்திருந்தது என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அறிவித்தது. உலகெங்கும் சுமார் 1.1 கோடி கார்களில் அந்த மென்பொருள் இருந்ததை நிறுவனம் ஒப்புக்கொண்டது. சில வாரங்களில் 3 லிட்டர் வி6 டீசல்கள் பொருத்திய ஆடி, போர்ஷே கார்களும் அந்தப் பட்டியலில் சேர்ந்தன.

ஏமாற்றும் அளவுக்கு அப்படி என்ன சிக்கல்? காற்றில் உள்ள நைட்ரஜன் சுமார் 1,500 டிகிரியைத் தாண்டிய வெப்பத்தில் ஆக்சிஜனோடு வேகமாகச் சேர்ந்து நைட்ரஜன் ஆக்சைடுகளாகிறது. பெட்ரோல் எஞ்சின் காற்றையும் எரிபொருளையும் மிகச் சரியான விகிதத்தில் எரிப்பதால், புகையைத் தூய்மையாக்கும் அதன் கேட்டலிடிக் கன்வர்ட்டர் அந்த ஆக்சைடுகளை எளிதில் பிரித்துவிடும். டீசலோ எப்போதும் மிகைக் காற்றில் எரிகிறது. புகையில் ஆக்சிஜன் மிஞ்சி நிற்கும்போது அந்தக் கருவி ஆக்சைடுகளிடம் தோற்றுப்போகிறது. எரியும் வெப்பத்தைக் குறைத்தால் ஆக்சைடு குறையும், கரித்துகள் கூடும். வெப்பத்தை உயர்த்தினால் கரித்துகள் குறையும், ஆக்சைடு கூடும். ஆகவே கரித்துகளுக்கு ஒரு வடிகட்டியும், ஆக்சைடுகளுக்கு யூரியாக் கரைசலைத் தெளிக்கும் தனி அமைப்பும் தேவைப்பட்டன. இந்த யூரியா முறை சுமார் 200 டிகிரிக்கு மேல்தான் ஒழுங்காக வேலை செய்யும். திறமையான டீசலின் புகையோ நகர நெரிசலில் அதைவிடக் குளிர்ந்துவிடுகிறது. சிக்கனம் என்ற நற்பண்பே தூய்மைக்குத் தடையாக நிற்கும் விசித்திரம் இது. பெரிய விலையுள்ள காரில் இரண்டு யூரியா வினையூக்கிகள், யூரியாத் தொட்டி, மின்சூடாக்கி எல்லாம் வைக்க இடமும் பணமும் உண்டு, சிறிய காரில் இரண்டும் கிடையாது. டீசல் முதலில் சிறிய கார்களிலிருந்து மறைந்து, விலை உயர்ந்த கார்களில் தங்கி நிற்பதற்குக் காரணம் இந்தக் கணக்கே.

ஆனாலும் அங்கும் பலர் விலகினார்கள். ஐரோப்பாவில் பெண்டேகா டீசலும் பனமேரா டீசலும் 2018இல் நின்றன; அந்த ஆண்டு செப்டம்பரில் போர்ஷே டீசலை முழுவதுமாகக் கைவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2015இல் புதிய கார்களில் பாதிக்கு மேல் டீசலாக இருந்த நிலை, 2023இல் 14 விழுக்காட்டுக்கும் கீழே வந்தது. இந்தியாவில் 2015 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் டெல்லி வட்டாரத்தில் 2,000 சிசியும் அதற்கு மேலும் உள்ள டீசல் கார்களின் பதிவை நிறுத்தியபோது, அடி விழுந்தது பெரும்பாலும் சொகுசு வண்டிகளுக்கும் பெரிய எஸ்யூவிகளுக்கும்தான். எட்டு மாதம் கழித்து, காரின் விலையில் ஒரு விழுக்காட்டைச் சுற்றுச்சூழல் கட்டணமாகச் செலுத்தச் சொல்லி அந்தத் தடை விலக்கப்பட்டது.

புகை விவகாரம் ஓய்ந்தாலும் டீசல் பழைய இடத்துக்குத் திரும்பும் என்று தோன்றவில்லை. நின்ற நிலையிலிருந்தே முழு முறுக்குவிசை, அமைதி, அதிர்வின்மை என்று டீசல் பெருமை கொண்ட எல்லாவற்றையும் மின்மோட்டார் மிஞ்சிவிட்டது. நான்கு டர்போக்களை அடுக்கி நெருங்க முயன்ற இலக்கில் மோட்டார் பிறக்கும்போதே நிற்கிறது. நெடுந்தூரமும் பாரம் இழுப்பதும் மட்டுமே டீசலின் கையில் மிஞ்சியிருக்கும் சீட்டுகள். மூன்று டன் எடையுள்ள டிரெய்லரை இழுத்துக்கொண்டு மலைச்சாலையில் ஏறும்போது பேட்டரி வேகமாகக் கரைகிறது. 3 லிட்டர் டீசலில் 350 குதிரைத்திறனும் 700 நியூட்டன் மீட்டரும் தரும் ரேஞ்ச் ரோவருக்கு வாடிக்கையாளர் இருப்பது அதனால்தான். மெர்சிடிஸ் டீசலையும் மின்மோட்டாரையும் ஒட்டவைத்துப் பார்த்தது. அதன் இ300டிஇ காரில் 2 லிட்டர் டீசலோடு, வீட்டில் சார்ஜ் செய்யக்கூடிய பேட்டரியும் மோட்டாரும் சேர்ந்து தொடக்கத்தில் 306 குதிரைத்திறன் தந்தன. யூரியா முறை குளிர்ந்துபோகும் நகரத்துக்குள் மோட்டார் மட்டும் ஓடலாம். புகை சூடாக இருக்கும் நெடுஞ்சாலையில் டீசல் வேலையை எடுத்துக்கொள்ளலாம். சமையல் எண்ணெய்க் கழிவு போன்ற கொழுப்புகளை ஹைட்ரஜனோடு வினைபுரியச் செய்து எடுக்கும் மாற்று டீசலைப் பல புதிய எஞ்சின்கள் ஏற்கின்றன என்றாலும், அந்தக் கழிவுக்கு நெடுந்தூரப் பயணத்துக்கு மின்மோட்டாரை நம்ப முடியாத விமானத் துறையும் கை நீட்டிக்கொண்டிருக்கிறது.