சர்டிபிகேட் இருக்கிறது, கார் எங்கே?

"நூறு சதவீதம் ஒரிஜினல். முழுவதும் ரெஸ்டோர் செய்யப்பட்டது." விளம்பரத்தில் இரண்டையும் அடுத்தடுத்து எழுதியிருந்தார்கள். படித்த உடனே சந்தேகம் வந்திருக்க வேண்டும், வாங்கியவருக்கு வரவில்லை. 1963 ஜாகுவார் ஈ-டைப் கூபே, வலது பக்க ஸ்டியரிங், கண்ணைப் பறிக்கும் சிவப்பு. வாங்கியவர் நம்மூர்த் தம்பி, இங்கே பர்மிங்ஹாமில் நல்ல வேலையில் இருக்கிறார். டெபாசிட் கட்டி முடித்த பிறகுதான் பரிசோதிக்க என்னைக் கூப்பிட்டார். பழைய கார்களை வாங்கும் முன் பார்த்துச் சொல்வது என் தொழில். நடைமுறையில் வாங்கிய பிறகு துக்கம் விசாரிக்கப் போகிறவன் போலத்தான் போய் வந்துகொண்டிருக்கிறேன்.

பானெட்டைத் தூக்கி சேஸிஸ் நம்பரைப் பார்த்தேன். 88 என்று ஆரம்பித்தது. 3.8 லிட்டர் கூபேக்களில் வலது ஸ்டியரிங் வண்டிகளின் வரிசை 860001இல் தொடங்கும், இடது ஸ்டியரிங் வரிசை 885001இல். ஆக, கோவென்ட்ரியின் பிரவுன்ஸ் லேன் தொழிற்சாலையை விட்டு வந்தபோது இந்த வண்டிக்கு ஸ்டியரிங் இடது பக்கம் இருந்திருக்கிறது. இதில் அதிர்ச்சியடைய ஒன்றுமில்லை. ஈ-டைப்களில் பெரும்பகுதி அமெரிக்காவுக்குப் போனவை, விலை ஏறியதும் அவற்றில் நிறைய திரும்பி வந்தன. ஸ்டியரிங் ரேக், பெடல் பாக்ஸ், டாஷ்போர்டு மாற்றி வலது பக்கமாக்குவது இங்கே வழக்கமான வேலை. ஒழுங்காகச் செய்திருந்தால் ஓட்டுவதில் ஒரு குறையும் தெரியாது. அதைச் சொல்லாமல் "ஒரிஜினல்" விலைக்கு விற்றதுதான் அயோக்கியத்தனம்.

"அண்ணா, ஹெரிடேஜ் சர்டிபிகேட்டே இருக்கு. அப்புறம் என்ன?" என்றார் தம்பி.

இந்தக் கேள்வியை எத்தனை பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள்! கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜாகுவார் டெய்ம்லர் ஹெரிடேஜ் டிரஸ்ட் தரும் அந்தத் தாள், பழைய உற்பத்தி லெட்ஜரிலிருந்து எடுத்தது. இன்ன சேஸிஸ் நம்பர், இன்ன எஞ்சின் நம்பர், கியர்பாக்ஸ் நம்பர், பாடி நம்பர், இன்ன நிறம், உள்ளே இன்ன நிற லெதர், இந்தத் தேதியில் செய்து இன்னாருக்கு அனுப்பினோம் என்று இருக்கும். அறுபது வருடத்துக்கு முன்னால் தொழிற்சாலைக் கதவைத் தாண்டியபோது வண்டி எப்படி இருந்தது என்பதை அது சொல்லும். அதற்குப் பிறகு நடந்த எதையும் அது சொல்லாது, சொல்லவும் முடியாது. அந்தத் தாளை எழுதியவர்கள் உங்கள் காரைப் பார்க்கவே இல்லை. தாளை ஒரு கையில் வைத்துக்கொண்டு, இன்னொரு கையில் டார்ச்சோடு காருக்கு அடியில் படுத்து, ஒவ்வொரு நம்பராக ஒப்பிட்டால்தான் அதற்கு மதிப்பு. தம்பி வைத்திருந்த சர்டிபிகேட்டிலேயே இடது ஸ்டியரிங், முதல் நிறம் வேறு, போன ஊர் நியூயார்க் என்று தெளிவாகப் போட்டிருந்தது. மேலே இருந்த பெயரையும் கீழே இருந்த கையெழுத்தையும் பார்த்துவிட்டு அவர் ஃபைலை மூடிவிட்டார்.

சரி, நம்பர்கள் எல்லாம் ஒத்துப்போனால்? அப்போதும் "மேச்சிங் நம்பர்ஸ்" என்றுதான் சொல்லலாம், "ஒரிஜினல்" என்று சொல்ல முடியாது. எஞ்சின் நம்பர் பிளாக்கில் ஆயில் ஃபில்டருக்கு மேலே அடித்திருக்கும், சிலிண்டர் ஹெட்டிலும் அதே நம்பர் இருக்க வேண்டும். பழைய நம்பரை அரைத்துவிட்டுப் புதிதாக அடிப்பது பெரிய வித்தை இல்லை, சுத்தியலும் எண் அச்சுகளும் போதும். எழுத்தின் வடிவம், ஆழம், அரைத்த இடத்தின் மேற்பரப்பு இவற்றைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்கிறோம். ஈ-டைப்பில் இன்னொரு கூத்தும் உண்டு. சேஸிஸ் நம்பர் அடித்திருக்கும் முன் ஃபிரேம், பாடியோடு போல்ட் போட்டு மாட்டியது. அது உள்ளிருந்து துருப்பிடிக்கும். மாற்றாவிட்டால் வண்டியே ஆபத்து. மாற்றினால் நம்பரும் கூடவே போய்விடும். எனவே புதிய ஃபிரேமில் நம்பரைத் திரும்ப அடித்திருப்பார்கள், அதில் நியாயமான கேஸ்களும் நிறைய. அடித்தது எப்போது, யார், பழைய ஃபிரேமின் போட்டோ இருக்கிறதா என்று கேட்க வேண்டும். கேட்டால் விற்பவர் கோபித்துக்கொள்வாரா? கோபித்துக்கொள்ளட்டும்.

இப்போது ரெஸ்டோரேஷனுக்கு வருவோம். முழுக்கப் பிரித்து, பெயின்ட்டை உலோகம் வரை சுரண்டி, துரு பிடித்த இடத்தை வெட்டிப் புதுத் தகடு வைத்து, புது லெதர், புது குரோம் போட்ட கார் மிக அருமையான காராக இருக்கலாம். ஆனால் அது ரெஸ்டோர் செய்த கார். ஒரிஜினல் என்பது அதே பெயின்ட், அதே லெதர், அதே ஸ்பாட் வெல்ட், கீறலோடும் வெடிப்போடும். அது ஒருமுறைதான் கிடைக்கும். சுரண்டிய பிறகு எத்தனை லட்சம் கொட்டினாலும் திரும்ப வராது. அதோடு, இன்று ரெஸ்டோர் செய்து வரும் ஈ-டைப்கள் தொழிற்சாலையில் பிறந்ததைவிட அழகாக இருக்கின்றன. அந்தக் காலத்துப் பெயின்ட்டில் முகம் பார்த்துத் தலை சீவ முடியாது. கதவு இடைவெளிகள் இப்போது போல ஒரே சீராக இருக்கவும் இல்லை. கண்ணாடி மாதிரி இருக்கிற காரைக் காட்டி "ஃபேக்டரியிலிருந்து வந்தது போலவே" என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள்.

நம்பிக்கை வராதவர்களுக்கு ஒரு சந்தைச் சாட்சி. 2015 பிப்ரவரியில் பாரிஸில் பாய்யோன் குடும்பத்தின் கார்களை ஏலம் விட்டார்கள். பல பத்தாண்டுகள் கிடப்பில் கிடந்த வண்டிகள், பாதி மக்கிப்போனவை. அதில் நடிகர் அலென் டெலான் ஒரு காலத்தில் வைத்திருந்த ஃபெராரி 250 ஜிடி கலிஃபோர்னியா ஸ்பைடர், பழைய பத்திரிகைக் குவியலுக்கு அடியிலிருந்து எடுத்தது, தூசியோடு அப்படியே 1.6 கோடி யூரோவுக்கு மேல் போனது. கழுவிக்கூட வைக்கவில்லை. இதைப் படித்துவிட்டு உங்கள் ஷெட்டில் துருப்பிடிக்கும் வண்டியை அப்படியே விட்டுவிடாதீர்கள், அது ஃபெராரி.

இவ்வளவு சொன்னதும் நான் மாற்றங்களுக்கு விரோதி என்று நினைத்துவிட வேண்டாம். 3.8 ஈ-டைப்பை உண்மையில் ஓட்டிப் பார்த்தவர்கள் யாரும் அப்படி இருக்க முடியாது. முதல் கியரை உரசாமல் விழவைக்கும் சின்க்ரோமெஷ் கிடையாது, பிரேக்கை லேசாக்கும் சர்வோ பேருக்குத்தான், தொழிற்சாலை மாட்டிய எலக்ட்ரிக் ஃபேன் ஆகஸ்ட் மாத டிராஃபிக்கில் கைவிட்டுவிடும். நல்ல ரேடியேட்டர், பெரிய ஃபேன், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் மறைந்துவிடும் எலக்ட்ரானிக் இக்னிஷன் இதையெல்லாம் நானே சிபாரிசு செய்கிறேன். ஐந்து கியர் பெட்டிகூடப் பரவாயில்லை, சீட்டுகளுக்கு நடுவே மேடாக ஓடும் டனலை வெட்டாமல் உட்காரும் வகையாக இருந்தால். நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: ஒரு சனிக்கிழமை ஸ்பானர் பிடித்துப் பழையபடி ஆக்க முடியுமா? முடியும் என்றால் போட்டுக்கொண்டு சந்தோஷமாக ஓட்டுங்கள். கிரைண்டரை எடுக்க வேண்டும் என்றால் ஒரு ராத்திரி தூங்கி எழுந்து யோசியுங்கள்.

ரப்பர் விஷயத்தில் மட்டும் ஒரிஜினல் பேச்சே வேண்டாம். இருபது வருட டயர், அந்தக் காலத்துப் பெட்ரோல் ஹோஸ், வெடித்த பிரேக் ஹோஸ் எதற்கும் பழமை மதிப்பு கிடையாது. இங்கே 2021 செப்டம்பரிலிருந்து சாதாரண பெட்ரோல் என்றாலே பத்து சதவீதம் வரை எத்தனால் கலந்தது. அது பழைய ஹோஸ்களைத் தின்றுவிடும். சூடான எக்ஸாஸ்ட் மேல் பெட்ரோல் சொட்டினால் பிறகு ஒரிஜினல், கஸ்டம் என்ற வாதமே எழாது.

போர்ஷ 911 ஆட்கள் இதைப் படித்து நமக்கென்ன என்று இருக்க வேண்டாம், உங்கள் பக்கம் நிலைமை இன்னும் மோசம். 1972, 73இல் வந்த காரெரா ஆர்எஸ் 2.7, பந்தய விதிக்காக 500 செய்தால் போதும் என்று தொடங்கி 1,580 செய்தார்கள். வால் தூக்கிய அந்த வண்டியைப் போலவே சாதாரண 911டி-யை மாற்றுவது காலங்காலமாக நடக்கிறது. நகல் என்று சொல்லி விற்றால் எனக்கு ஆட்சேபம் இல்லை, நல்ல நகல்கள் ஓட்ட இன்பமானவை. இன்னொரு பக்கம், கலிஃபோர்னியாவில் ராப் டிக்கின்சன் 2009இல் தொடங்கிய சிங்கர் நிறுவனம் 964 வகை 911-களைப் பிரித்துக் கட்டித் தருகிறது. அந்தக் கார்கள் போர்ஷவின் பெரும்பாலான ஒரிஜினல்களைவிட அதிக விலைக்குப் போகின்றன. இதைக் காட்டித்தான், மாற்றினால் விலை ஏறும் என்று எல்லாரும் என்னிடம் வாதாடுகிறார்கள். அய்யா, அங்கே விலை போவது அந்தப் பட்டறையின் கைவேலை. உங்கள் தெருமுனைப் பட்டறையில் அகல ஃபெண்டர் ஒட்டி, நடுவில் பணம் தீர்ந்து நிறுத்திய 964-க்கு அந்தக் கணக்கு பொருந்தாது. மாற்றாமல் விட்டிருந்தால் அந்த 964 இன்று நல்ல விலைக்குப் போயிருக்கும் என்பதுதான் வயிற்றெரிச்சல்.

பழைய பாகம் எத்தனை மிஞ்சியிருந்தால் அதே கார் என்று கேட்பார்கள். இதற்கு லண்டன் நீதிமன்றத்தில் ஒரு வழக்கே நடந்தது. 1929, 1930 லெ மான் பந்தயங்களை வென்ற பென்ட்லி ஸ்பீட் சிக்ஸ், "ஓல்டு நம்பர் ஒன்". அதை ஒரு கோடி பவுண்டுக்குப் பேசி முடித்த பிறகு, இது அந்தக் காரே இல்லை என்று வாங்குபவர் தரப்பு பின்வாங்கியது. நிபுணர் ஒருவர் ஆராய்ந்துவிட்டு, 1930இல் ஓடிய காரில் பெடல் ஷாஃப்ட், கியர்பாக்ஸ் உறை, ஸ்டியரிங் தண்டு இவ்வளவுதான் மிச்சம் என்றார். ஆனாலும் 1990இல் நீதிபதி ஆட்டன் விற்றவர் பக்கமே தீர்ப்புச் சொன்னார். பந்தயத்துக்காகப் படிப்படியாக மாறி வந்தாலும் அந்தக் கார் இடையில் எப்போதும் இல்லாமல் போய்விடவில்லை, அதன் வரலாறு அறுபடவில்லை என்பது அவர் பார்வை. இந்தத் தீர்ப்பைத் தங்களுக்குச் சாதகமாக நீட்டாத டீலரை நான் பார்த்ததில்லை. அந்த பென்ட்லியின் தொடர்ச்சியான வரலாற்றுக்கு ஆதாரம் இருந்தது என்பதை மட்டும் அவர்கள் விட்டுவிடுவார்கள். உங்கள் காருக்கு அப்படி ஒரு ஃபைல் இருக்கிறதா? இருந்தால் பேசலாம்.

எலக்ட்ரிக் ஆக்கலாமா என்ற கேள்வியும் அடிக்கடி வருகிறது. 2018இல் இளவரசர் ஹாரி தன் கல்யாணத்தன்று ஓட்டிய ஈ-டைப் மின்சாரக் கார், அதைச் செய்தது ஜாகுவாரே. பழைய வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பான ஃபீவா இதில் சொல்வது எனக்கும் உடன்பாடு: செய்தே தீருவேன் என்றால் திரும்ப மாற்றும்படி செய்யுங்கள், கழற்றியவற்றுக்குச் சீட்டு கட்டிப் பத்திரப்படுத்துங்கள். என் சொந்த அபிப்பிராயம் கேட்டால், ஸ்ட்ரெய்ட் சிக்ஸ், அதாவது வரிசையாக ஆறு சிலிண்டர் உள்ள அந்த எஞ்சினின் சத்தம் இல்லாத ஈ-டைப்பை வைத்து என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

சட்டத்தையும் கொஞ்சம் பாருங்கள். பிரிட்டனில் 2018 மே முதல், நாற்பது வயது தாண்டிய காருக்கு எம்ஓடி என்கிற வருடாந்திரத் தகுதிச் சோதனை கட்டாயமில்லை. கடந்த முப்பது வருடத்தில் பெரிய மாற்றம் செய்திருந்தால் அந்தச் சலுகை கிடையாது. இன்சூரன்ஸ்காரரிடம் எல்லா மாற்றத்தையும் சொல்லுங்கள், மதிப்பை முன்பே ஒப்புக்கொண்ட பாலிசியாக எடுங்கள். ஊரில் தாத்தா வைத்திருந்த எம்.ஜி.யில் அம்பாசிடர் எஞ்சின் இருக்கிறது, விண்டேஜ் பதிவு கிடைக்குமா என்று ஒருவர் கேட்டிருந்தார். இந்தியாவில் 2021இல் வந்த விதிப்படி ஐம்பது வருடம் தாண்டியிருக்க வேண்டும், சேஸிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. பழைய எஞ்சின் எங்காவது ஷெட்டில் கிடக்கிறதா என்று முதலில் தேடுங்கள். காயலான் கடைக்குப் போட்டுவிட்டோம் என்ற பதிலைத்தான் வழக்கமாகக் கேட்கிறேன்.

கழற்றிய எதையும் தயவுசெய்து தூக்கிப் போடாதீர்கள். பழைய கார்புரேட்டர், டைனமோ, கிழிந்த சீட் உறை, உடைந்த ஸ்விட்ச் எல்லாம் ஒரு பெட்டியில் பெயர் எழுதி இருக்கட்டும். பெயின்ட்டைச் சுரண்டும் முன் மூலை முடுக்கெல்லாம் போட்டோ எடுங்கள். முடிந்தால் டாஷ்போர்டுக்குப் பின்னாலோ டிக்கிக்குள்ளோ ஓர் இடத்தில் பழைய பெயின்ட்டைத் தொடாமல் விடுங்கள். அடுத்து வருகிறவருக்கு நிறம் தெரிய வேண்டாமா? ரெஸ்டோரேஷன் பில்களை வரி கட்டிய ரசீது மாதிரி காப்பாற்றுங்கள்.

தம்பி கடைசியில் அந்தக் காரை வாங்கிவிட்டார், இடது ஸ்டியரிங் வண்டி என்ற விலைக்கு. டீலர் முதலில் குதித்தார், பிறகு இறங்கி வந்தார். வந்த மிச்சத்தில் பிரேக்கை மாற்றச் சொல்லியிருக்கிறேன்.

மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சேஸிஸ் நம்பர், எஞ்சின் நம்பர், ஹெரிடேஜ் சர்டிபிகேட், மூன்றின் போட்டோவையும் டெபாசிட் கட்டுவதற்கு முன்னால் அனுப்புங்கள். ஃபிளாஷ் போடாமல், நம்பர் தெரிகிற மாதிரி எடுங்கள். சூரிய அஸ்தமனத்தில் காரோடு நிற்கும் செல்ஃபி எனக்கு வேண்டாம்.