கல்லூரியின் கணக்கு வீட்டுக்கும் தெரியட்டும்

பிள்ளையைப் படிக்க வைக்கத் தயங்கும் வீடு குமரி மாவட்டத்தில் குறைவு. நகையை அடகு வைத்தாவது அனுப்புவார்கள். ஆனாலும் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகிற பிள்ளை தடுமாறுவது உண்டு. பணம் மட்டுமே அதற்குக் காரணமில்லை. பள்ளிக்கூடக் கணக்கை வைத்தே வீட்டார் கல்லூரியையும் அளக்கிறார்கள். ஆலோசனைக்கு வரும் பெற்றோரிடம் நாங்கள் முதலில் பேசுவது வருகைப்பதிவு பற்றித்தான்.

ஒரு செமஸ்டருக்கு ஏறத்தாழ 90 வேலை நாள். தேர்வெழுத 75 சதவீதம், அதாவது 68 நாள் வர வேண்டும். மிச்சம் 22 நாள். தேவாலயத்தின் பங்குத் திருவிழா பத்து நாள், இல்லாவிட்டால் அம்மன் கோயில் கொடை, சித்தி மகள் கல்யாணம், அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் துணை, ஒரு காய்ச்சல். அவ்வளவுதான், தீர்ந்தது. "ஒரு நாள் போகாட்டா என்ன மக்களே" என்று பாசத்தில்தான் சொல்கிறார்கள். அந்த ஒரு நாளில் இன்டர்னல் தேர்வு இருந்தால் மதிப்பெண்ணும் போகும்.

ரப்பர் தோட்டங்கள் உள்ள குலசேகரம், அருமனைப் பக்கம் இன்னொரு சிக்கல். விடியுமுன் ரப்பர் மரம் வெட்டிவிட்டு, அதாவது பால் வடியப் பட்டையைக் கீறிவிட்டு, கல்லூரிக்குக் கிளம்பலாம் என்று வீட்டில் நினைக்கிறார்கள். வெட்டு முடிந்தாலும் சிரட்டையில் பால் வடிய இரண்டு மூன்று மணி நேரமாகும். அதை எடுத்து, ஆசிட் ஊற்றி உறைய வைத்து, ஷீட் அடிக்கும் வேலை முதல் வகுப்பு நேரத்தில் வந்து நிற்கும். முதல் மணி நேரம் தவறினால் அரை நாள் வருகையை வெட்டும் கல்லூரிகள் உண்டு. பையன் வெட்டட்டும், பால் எடுப்பதை வேறொருவர் ஏற்றுக்கொள்ளுங்கள். இந்த ஒரு மாற்றத்துக்கு ஐந்து காசு செலவில்லை.

அடுத்தது அரியர், அதாவது தேறாமல் நிற்கும் தாள். பள்ளியில் தோற்றால் அதே வகுப்பு. கலை அறிவியல் கல்லூரிகளில் பெரும்பாலும் அப்படியில்லை. மேல் வகுப்புக்குப் போய்க்கொண்டே அந்தத் தாளை மறுபடி எழுதலாம். பொதுவாக ஆங்கில வழிப் பாடம் புதிதாக இருக்கும் முதல் செமஸ்டரில்தான் இது அதிகம் விழுகிறது. இதைக் கேட்டதும் "மோளே, படிச்சது போதும்" என்று மாப்பிள்ளை பார்க்கத் தொடங்குவதுதான் எங்களுக்குப் பொறுக்க முடியாதது. திட்டுக்குப் பயந்து பிள்ளை அரியரை மறைத்தால் தேர்வுக் கட்டணம் கட்டும் கடைசி நாளும் கடந்துவிடும்.

குடும்பத்தில் முதலில் பட்டம் படிக்கும் பிள்ளைக்குத் தொழிற்படிப்பில் கல்விக் கட்டணச் சலுகை வாங்கித் தருவது முதல் பட்டதாரி சான்றிதழ். அதிலும் ஆண்பிள்ளைக்கே முன்னுரிமை. "மூத்தவ சாதாரண டிகிரி படிக்கட்டும், சலுகை தம்பிக்கு இருக்கட்டும்" என்பார்கள். அவள் மூன்று வருடத்தில் பட்டம் வாங்கிவிட்டால் அதன்பின் விண்ணப்பிக்கும் தம்பி முதல் பட்டதாரியே அல்ல. பொறியியல் போன்ற தொழிற்படிப்பில் அவளுக்கு விருப்பமும் மதிப்பெண்ணும் இருந்தால் அவளே பயன்படுத்தட்டும். இ-சேவை மையத்தில் குடும்ப அட்டை, ஆதார், வீட்டிலுள்ளவர்களின் மாற்றுச் சான்றிதழ்களோடு விண்ணப்பிக்கலாம். கிராம நிர்வாக அலுவலர் (விஏஓ), வருவாய் ஆய்வாளர் (ஆர்ஐ) விசாரணைக்கு நாளாகும் என்பதால் கலந்தாய்வு அறிவிப்பு வரும்வரை காத்திருக்க வேண்டாம். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் அவள் கணக்கிலேயே வரும். அது அவளுடைய பஸ்ஸுக்கும் புத்தகத்துக்கும்.

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் வெளிமாநில நர்சிங் கல்லூரிகளுக்கு ஆள் பிடிக்கும் ஏஜென்டுகள் வீட்டு வாசலுக்கே வருவார்கள். தமிழக அரசுக் கலந்தாய்வு வழியே சேர்ந்தால்தான் முதல் பட்டதாரி சலுகை. நிர்வாக ஒதுக்கீட்டுக்குக் கிடையாது. ஏஜென்டுகளிடம் அசல் சான்றிதழைக் கொடுக்காதீர்கள். கல்லூரியே கேட்டாலும் சரிபார்த்ததும் திரும்ப வாங்குங்கள். அசலைப் பிடித்து வைக்கக் கூடாது என்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் விதி.